பந்திலிருந்து கண்ணை எடுங்கள்: அமெரிக்கக் கல்லூரிக் கால்பந்தில் ஆஃபென்சிவ் லைனை மதிப்பிடுவது எப்படி?

2024 நவம்பர் 2ஆம் தேதி பென் ஸ்டேட் பல்கலைக்கழகத்தின் பீவர் ஸ்டேடியத்தில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டோர் திரண்டிருந்தார்கள். விருந்தாளியாக வந்திருந்த ஒஹையோ ஸ்டேட் 20–13 என்று முன்னணியில் இருந்தது. ஆட்டம் முடிய ஐந்து நிமிடத்துக்குச் சற்றுக் கூடுதலாக இருந்தபோது, பென் ஸ்டேட் கோல் கோட்டின் வாசல் வரை வந்துவிட்டது. நான்கு வாய்ப்புகளிலும் அதைத் தடுத்து நிறுத்திய ஒஹையோ ஸ்டேட், தன் சொந்தக் கோல் கோட்டை ஒட்டிய இடத்தில் பந்தை வாங்கிக்கொண்டது. அங்கே ஒரு சிறு தவறு நேர்ந்தாலும் ஆட்டம் கைமாறியிருக்கும். ஆனால் அந்த அணி பாஸ் எதுவும் வீசாமல் ஓடி ஓடியே எஞ்சிய நேரம் முழுவதையும் தீர்த்துவிட்டது. பென் ஸ்டேட்டுக்குப் பந்து மறுபடி கிடைக்கவே இல்லை.

அதற்குச் சரியாக ஒரு வாரம் முன்பு, நெப்ராஸ்காவுக்கு எதிரான ஆட்டத்தில் இதே ஒஹையோ ஸ்டேட் மொத்தம் 64 யார்டு மட்டுமே ஓடியிருந்தது. 21–17 என்று வென்றாலும், அதன் ஆஃபென்சிவ் லைனின், அதாவது பந்து வைத்திருக்கும்போது முன்வரிசையில் நிற்கும் ஐவரின், கதை முடிந்தது என்று ரசிகர்களில் பலர் தீர்ப்பெழுதியிருந்தார்கள். அக்டோபர் 12 அன்று ஆரிகன் ஆட்டத்தில், அந்த வரிசையின் இடது ஓரத்தில் நிற்கும் இடது டேக்கிள் ஜாஷ் சிம்மன்ஸ் முழங்கால் காயத்தால் அந்தப் பருவத்தையே இழந்திருந்தார். அவருக்குப் பதிலாக இறக்கப்பட்டவரும் நெப்ராஸ்கா ஆட்டத்தில் காயமடைந்தார். எனவே டேக்கிளுக்கு உள்பக்கம் இடது கார்டாக ஆடிவந்த டானவன் ஜாக்சனை வெளியே ஓரிடம் நகர்த்தி, கல்லூரியில் முதல்முறையாக டேக்கிள் இடத்தில் ஆட்டத்தைத் தொடங்க வைத்தார்கள். ஒரே வாரத்தில் ஒரு லைன் உருப்படாததும் உறுதியானதுமாக மாறிவிடுமா? மாறாது. அப்படியானால் நாம் அதை மதிப்பிட்ட முறையில்தான் ஏதோ கோளாறு இருந்திருக்க வேண்டும். அந்த முறையைச் சரிசெய்துகொள்வதற்கு ஒரு தொடக்கமாக இந்தக் கட்டுரையை எழுதுகிறேன். அமெரிக்கக் கால்பந்தின் அடிப்படைகளை இப்போதுதான் அறிந்துகொள்ளும் வாசகரை மனத்தில் வைத்தே எழுதுகிறேன்.

அந்த ஐவர் யார்?

பந்தை வைத்திருக்கும் அணியை ஆஃபென்ஸ் என்றும், எதிர்த்து நிற்கும் அணியை டிஃபென்ஸ் என்றும் சொல்கிறோம். ஒவ்வொரு பக்கமும் பதினொரு பேர். ஆஃபென்ஸுக்கு நான்கு வாய்ப்புகள், அதாவது நான்கு டவுன்கள் உண்டு. அவற்றுக்குள் பத்து யார்டு முன்னேறினால் மறுபடி நான்கு டவுன்கள் கிடைக்கும். பந்து வைக்கப்பட்டிருக்கும் கோட்டில் ஐந்து பேர் குனிந்து அடுத்தடுத்து நிற்கிறார்களே, அவர்கள்தான் ஆஃபென்சிவ் லைன். நடுவில் நிற்பவர் சென்டர். அவருக்கு இருபுறமும் கார்டுகள். அவர்களுக்கு வெளியே டேக்கிள்கள். சென்டர் பந்தைத் தன் கால்களுக்கிடையே பின்னுக்கு அனுப்புவதற்கு ஸ்நாப் என்று பெயர். அந்தக் கணத்தில் ஒரு ப்ளே தொடங்குகிறது.

இவர்கள் ஒவ்வொருவரும் ஏறத்தாழ 300 பவுண்டு, அதாவது 136 கிலோ எடையுள்ளவர்கள். 50 முதல் 79 வரையிலான எண்களை அணியும் இவர்கள், முன்னோக்கி வீசப்படும் பாஸைப் பிடிக்க விதி இடம் தருவதில்லை. பாஸ் வீசப்படும்போது கோட்டைத் தாண்டி மூன்று யார்டுக்கு மேல் இவர்கள் போயிருந்தால் அதற்கும் தண்டனை உண்டு. பந்தோடு ஓடும் ரன்னிங் பேக் எத்தனை யார்டு ஓடினார், ஒரு ரிசீவர் எத்தனை பாஸ் பிடித்தார் என்பதெல்லாம் மறுநாள் செய்தித்தாளில் வரும். அவர்களுக்கு வழிவிட்டுத் தந்த ஐவர் பெயருக்கு எதிரே எண் எதுவும் இருக்காது. ரசிகர்கள் இவர்களைத் தவறாக எடைபோடுவதற்கு முதல் காரணம் இதுதான்: நல்லது நடந்தால் பெயர் வேறொருவருக்குப் போகிறது, கெட்டது நடந்தால் மட்டும் விரல் இவர்களை நோக்கி நீள்கிறது.

ஒவ்வோர் இடத்துக்கும் தனிக் குணம் உண்டு. டேக்கிள்கள் ஓரத்தில் நிற்பதால், ஓரத்திலிருந்து பாஸ் வீசுபவரை நோக்கிப் பாயும் எதிரணியின் வேகமான எட்ஜ் ரஷர்களைத் திறந்தவெளியில் தனியாகச் சமாளிக்க வேண்டும். நீண்ட கைகளும் லேசான கால்களும் வேண்டும். ஸ்நாபை வாங்கிப் பாஸ் வீசுபவர் குவார்ட்டர்பேக். வலக்கையால் வீசும் குவார்ட்டர்பேக் பந்தை எறியத் திரும்பும்போது அவருடைய முதுகு இடப்பக்கத்தைப் பார்த்திருக்கும் என்பதால், இடது டேக்கிள் அவர் பார்க்க முடியாத திசையின் காவலர். கார்டுகள் அதிகம் எதிர்கொள்வது நடுவில் மலைபோல் நிற்கும் டிஃபென்சிவ் டேக்கிள்களை; எனவே இடுப்பின் பலமும் குறுகிய இடத்தில் முட்டித் தள்ளும் திறனும் அவர்களுக்கு முக்கியம். சென்டர் இவை அனைத்தோடும் மூளை வேலையையும் சேர்த்துச் செய்கிறார். ஸ்நாபுக்கு முன் அவர் விரலை நீட்டி, டிஃபென்ஸின் முன்வரிசைக்குப் பின்னால் நிற்கும் ஒரு லைன்பேக்கரைக் காட்டிக் கத்துவதைப் பார்த்திருப்பீர்கள். அவரை வைத்துத்தான் ஐவரும் யார் யாரைப் பிடிப்பது என்று கணக்கிடுகிறார்கள்.

சொல் ஒன்றைப் பற்றியும் இங்கே தெளிவுபடுத்திவிடுகிறேன். பிளாக்கிங் என்றால் தடுப்பது என்றுதானே பொருள், தடுப்பது டிஃபென்ஸின் வேலையல்லவா என்று புதியவர்கள் குழம்புவதுண்டு. இந்த ஆட்டத்தில் பிளாக்கிங் என்பது, பந்து வைத்திருக்கும் தம் ஆளை எதிரணி நெருங்காதபடி உடலால் மறிப்பது. கையால் தள்ளலாம், மார்பில் பிடித்து நிறுத்தலாம். ஆனால் தப்பிச் செல்பவரின் தோளையோ சட்டையையோ பற்றி இழுத்தால் அது ஹோல்டிங், பத்து யார்டு பின்னடைவு. ஸ்நாபுக்கு முன் அசைந்துவிட்டால் ஃபால்ஸ் ஸ்டார்ட், ஐந்து யார்டு.

பாஸ் புரொடெக்‌ஷன்: இரண்டரை விநாடியின் கதை

குவார்ட்டர்பேக் பின்வாங்கிப் பாஸ் வீசும்போது, ஐவரும் பின்னோக்கி நகர்ந்தபடியே அவரைச் சுற்றி ஒரு அரணை அமைக்கிறார்கள். அதற்கு பாக்கெட் என்று பெயர். பெரும்பாலான பாஸ்களுக்கு அந்த அரண் இரண்டரை அல்லது மூன்று விநாடி தாக்குப்பிடித்தால் போதும். கேட்பதற்குக் கொஞ்சம்தான். ஆனால் எதிரே வருபவர் முன்னோக்கி ஓடுகிறார், இவரோ பின்னோக்கி ஓடிக்கொண்டே அவரை மறிக்க வேண்டும் என்பதை நினைத்துப் பாருங்கள்.

முதலில் கால்களைப் பாருங்கள். நல்ல டேக்கிள் வெளிக்காலைப் பின்னுக்கு எடுத்துவைத்து, உள்காலை அதைத் தொடர்ந்து இழுத்து, முழங்கால் மடங்கிய நிலையிலேயே சறுக்குவதுபோல் பின்வாங்குவார். அவருடைய தலை மேலும் கீழும் ஆடாது. தடுமாறும் டேக்கிளின் கால்கள் ஒன்றையொன்று தொட்டுவிடும், அல்லது குறுக்கே போய்விடும். அடுத்த நொடியில் அவர் திரும்பி, எதிராளியின் முதுகைப் பார்த்துக்கொண்டு ஓடத் தொடங்கியிருப்பார். அதற்கு அடுத்ததாகக் கைகளைப் பாருங்கள். உள்ளங்கைகள் எதிராளியின் மார்புக்குள் முதலில் போய்ச் சேர்ந்தால் பாதி வெற்றி. கைகள் தோள்களுக்கு வெளியே போனால் பிடி நழுவும், நழுவியதும் இழுக்கத் தோன்றும், அங்கேதான் நடுவர் கொடி விழும். ஹோல்டிங் தண்டனை அடிக்கடி வாங்கும் வீரரை ஒழுங்கில்லாதவர் என்று ஏசுவதைவிட, அவர் கால் எந்தக் கணத்தில் பிந்தியது என்று தேடுவது பயனுள்ளது. ஹோல்டிங் பெரும்பாலும் கையின் குற்றமாகத் தெரிந்தாலும் காலில்தான் தொடங்குகிறது.

ஒரே ஆளை எதிர்ப்பது ஒரு சோதனை என்றால், ஐவரும் சேர்ந்து சிந்திப்பது அதைவிடப் பெரிய சோதனை. டிஃபென்ஸில் இரண்டு பேர் திடீரென்று இடம்மாறி, ஒருவர் உள்ளே பாய, மற்றவர் அவர் முதுகுக்குப் பின்னால் சுற்றி வெளியே வருவார். இதற்கு ஸ்டன்ட் என்று பெயர். அந்த நேரத்தில் கார்டு தன் ஆளை டேக்கிளிடம் ஒப்படைத்துவிட்டு, டேக்கிளின் ஆளைத் தான் வாங்கிக்கொள்ள வேண்டும். பேச நேரமில்லை. பல மாதங்கள் பக்கத்துப் பக்கத்தில் நின்று பழகியவர்களுக்குத்தான் அந்தக் கைமாற்றம் தானாக வரும். ஒரு கார்டை டேக்கிளாக நகர்த்தும்போது இரண்டு இடம் மாறுகிறது, இரண்டு இடம் மாறும்போது மூன்று நான்கு ஜோடிகளின் பழக்கம் உடைகிறது. சிம்மன்ஸின் காயத்துக்குப் பிறகு ஒஹையோ ஸ்டேட்டுக்கு நேர்ந்த சிக்கலை இப்படித்தான் புரிந்துகொள்ள வேண்டும்.

குவார்ட்டர்பேக் பந்தோடு வீழ்த்தப்பட்டால் அது சாக். சாக் விழுந்ததும் லைனைத் திட்டுவது அரங்கிலும் வீட்டுக் கூடத்திலும் வழக்கம். ஆனால் ஒரு சாக்குக்கு ஐந்தாறு வெவ்வேறு காரணங்கள் இருக்கலாம். ரிசீவர்கள் யாரும் விடுபடாததால் குவார்ட்டர்பேக் நான்கு விநாடிக்கு மேல் பந்தை வைத்திருந்திருக்கலாம். அரண் சரியாக இருந்தும் அவர் அவசரப்பட்டு அதைவிட்டு வெளியேறி எதிரியின் கையிலேயே போய் விழுந்திருக்கலாம். பிளிட்ஸ் செய்து, அதாவது முன்வரிசையோடு தானும் சேர்ந்து பாய்ந்து, வந்த லைன்பேக்கரைப் பிடிக்க வேண்டிய ரன்னிங் பேக் தவறவிட்டிருக்கலாம். டிஃபென்ஸ் ஆறு பேரை அனுப்பி, பிளாக் செய்ய ஐந்து பேர் மட்டுமே இருந்தால், கணக்குப்படியே ஒருவர் மிஞ்சுவார். அவர் வந்து சேர்வதற்குள் பந்தை வீசிவிடுவது குவார்ட்டர்பேக்கின் பொறுப்பு. எனவே சாக் விழுந்தவுடன் நான் செய்வது ஒன்றுதான்: பதிவைப் பின்னோக்கி ஓட்டி, ஸ்நாபிலிருந்து மனத்துக்குள் எண்ணத் தொடங்குவேன். இரண்டு எண்ணும் முன்பே அரண் உடைந்தால் லைனைக் கேள்வி கேட்கலாம். மூன்றைத் தாண்டிவிட்டால் மற்றவர்களைக் கேட்க வேண்டும். இது துல்லியமான அளவுகோல் இல்லை; ஆனாலும் ஆத்திரத்தில் எழும் தீர்ப்பைவிட எவ்வளவோ நேர்மையானது.

ரன் பிளாக்கிங்: கோடு எந்தப் பக்கம் நகர்கிறது?

ஓடும் ப்ளேயில் ஐவரும் முன்னோக்கிப் பாய்கிறார்கள். பொதுவாக இரண்டு வகை அமைப்புகள் உண்டு. ஜோன் பிளாக்கிங்கில் ஐவரும் ஒரே திசையில் சேர்ந்து அடியெடுத்துவைத்து, தம் பகுதிக்குள் யார் வந்தாலும் பிளாக் செய்கிறார்கள். எந்த இடைவெளி திறக்கிறது என்று பார்த்து ரன்னிங் பேக் அதில் நுழைகிறார். கேப் பிளாக்கிங்கில் எந்த இடைவெளி என்பது முன்பே முடிவாகிவிடும். ஒரு பக்கத்தார் உள்நோக்கி மடக்கிப் பிடிக்க, எதிர்ப்பக்கத்துக் கார்டு தன் இடத்தைவிட்டுப் பின்னால் சுற்றி ஓடிவந்து அந்த இடைவெளியின் வாசலில் நிற்பவரை முட்டித் திறக்கிறார். இதற்கு புல் செய்வது என்று பெயர். 300 பவுண்டு மனிதர் ஒருவர் பக்கவாட்டில் ஓடி, தோளைத் தாழ்த்தி, திரும்பிப் பார்ப்பதற்குள் ஒரு லைன்பேக்கரைப் பெயர்த்து எறிவது இந்த ஆட்டத்தின் அழகுகளில் ஒன்று என்று நான் உண்மையாகவே நம்புகிறேன். புதிதாகப் பார்ப்பவர் இதிலிருந்து தொடங்குவதே நல்லது, ஏனென்றால் கூட்டத்தில் ஒருவர் மட்டும் வேறு திசையில் ஓடுவது எளிதில் கண்ணில் படும்.

இரண்டு பேர் சேர்ந்து ஒரு டிஃபென்சிவ் டேக்கிளைத் தள்ளுவதை அடுத்துக் கவனியுங்கள். அவர்கள் இடுப்போடு இடுப்பு ஒட்டி, அந்த ஒருவரை இரண்டு மூன்று யார்டு பின்னுக்குத் தள்ளிக்கொண்டே, கண்ணை மட்டும் பின்னால் நிற்கும் லைன்பேக்கர் மீது வைத்திருப்பார்கள். அவர் எந்தப் பக்கம் வருகிறாரோ, அந்தப் பக்கத்து வீரர் சட்டென்று விலகி அவரைப் பிடிக்கப் போவார். விலகுவது ஒரு கணம் முந்தினால் முதல் ஆள் தப்பிவிடுவார், ஒரு கணம் பிந்தினால் லைன்பேக்கர் தப்பிவிடுவார். ஓர் ஓட்டம் இரண்டு யார்டில் முடிவதற்கும் பன்னிரண்டு யார்டில் முடிவதற்கும் வேறுபாடு பெரும்பாலும் இந்த ஒரு கணத்தில்தான் இருக்கிறது.

எளிதாகப் பார்க்க ஒரு வழி: ரன்னிங் பேக்கை எதிரணியினர் முதலில் தொட்ட இடம் எது? கோட்டுக்குப் பின்னாலேயே தொட்டுவிட்டால் லைன் தோற்றது. மூன்று நான்கு யார்டு தாண்டித் தொட்டால் லைன் தன் வேலையைச் செய்துவிட்டது. அதற்கு மேல் கிடைப்பதெல்லாம் ஓடுபவரின் திறமை. ஆய்வாளர்கள் லைன் யார்டு என்று ஓர் அளவைக் கணக்கிடுவதும் இதே அடிப்படையில்தான். முதல் சில யார்டுகளின் பெருமை முழுவதும் லைனுக்கு, அதைத் தாண்டியவற்றில் பாதி, நெடுந்தூர ஓட்டத்தின் எஞ்சிய பகுதியில் ஒன்றுமில்லை.

ஒருவரைத் தரையில் மல்லாக்கத் தள்ளி அவர் மேலேயே விழுவதற்கு பான்கேக் பிளாக் என்று பெயர். 1990களின் நடுவில் ஒஹையோ ஸ்டேட்டின் இடது டேக்கிளாக இருந்த ஆர்லாண்டோ பேஸ் அச்சொல்லைப் புகழ்பெறச் செய்தார். கல்லூரிக் கால்பந்தின் சிறந்த வீரருக்குத் தரப்படும் ஹைஸ்மன் விருதுக்கான 1996ஆம் ஆண்டு வாக்கெடுப்பில் அவர் நான்காம் இடம் பெற்றார் என்பது, குவார்ட்டர்பேக்குகளுக்கும் ரன்னிங் பேக்குகளுக்குமே பெரும்பாலும் போய்ச்சேரும் அந்த விருதில் மிக அபூர்வமான செய்தி. ஆனாலும் ரசிகர்கள் பான்கேக்குகளை மட்டும் எண்ணுவதில் எனக்கு உடன்பாடில்லை. எதிராளியை ஓட்டத்தின் பாதையிலிருந்து அரை அடி விலக்கி, விசில் ஊதும்வரை அவரோடு ஒட்டிக்கொண்டிருப்பவர் பெரும்பாலான ப்ளேக்களில் அதைவிட அதிகம் உதவுகிறார்.

எண்கள் எங்கே ஏமாற்றும்?

கல்லூரிக் கால்பந்தில் ஒரு விசித்திரமான கணக்கு வழக்கம் இருக்கிறது. சாக் மூலம் இழந்த யார்டுகளைத் தொழில்முறை லீகான என்.எஃப்.எல். பாஸ் கணக்கில் கழிக்கிறது; கல்லூரி ஆட்டத்திலோ அவை ஓட்டக் கணக்கில் கழிக்கப்படுகின்றன. ஓர் அணி 30 முறை ஓடி 150 யார்டு எடுத்தது என்று வைத்துக்கொள்ளுங்கள்; சராசரி 5. அதே ஆட்டத்தில் நான்கு சாக் விழுந்து 30 யார்டு போயிருந்தால், பதிவேட்டில் 34 ஓட்டம், 120 யார்டு, சராசரி 3.5 என்று ஏறும். இதைப் பார்த்த ஒருவர், இந்த லைனால் ஓட்டத்துக்கு வழி திறக்க முடியவில்லை என்று சொல்லிவிடுவார். உண்மையில் ஓட்டத்துக்குத் திறந்தது, பாஸுக்குத்தான் தாங்கவில்லை. இரண்டும் முற்றிலும் வேறு நோய்கள், மருந்தும் வேறு. எனவே கல்லூரி அணியின் ஓட்டச் சராசரியைப் பார்க்கும்போதெல்லாம் சாக்குகளைத் தனியே எடுத்துவிட்டு மறுபடி வகுத்துப் பாருங்கள்.

சராசரி மறுபக்கத்திலும் ஏமாற்றும். 2025 ஜனவரி 20 அன்று அட்லாண்டாவில் நடந்த தேசிய இறுதி ஆட்டத்தில், ஒஹையோ ஸ்டேட்டின் ரன்னிங் பேக் குவின்ஷான் ஜட்கின்ஸ் நோட்டர் டேமுக்கு எதிராக 11 முறை ஓடி 100 யார்டு எடுத்தார். ஓட்டம் ஒன்றுக்கு 9 யார்டுக்கும் மேல். அதில் ஒரே ஓட்டம் மட்டும் 70 யார்டு. அதைக் கழித்தால் 10 ஓட்டத்துக்கு 30 யார்டு, சராசரி மூன்று. அப்படியானால் அந்த லைன் நன்றாக ஆடியதா, இல்லையா? இரண்டு எண்களும் உண்மை, இரண்டும் தனித்தனியே போதாதவை. எத்தனை ஓட்டங்கள் அடுத்த டவுனை எளிதாக்கின, மூன்றாம் டவுனில் ஒரு யார்டு தேவைப்பட்டபோது அது கிடைத்ததா, கோல் கோட்டருகே இடமில்லாத இடத்தில் இடம் கிடைத்ததா என்று கேட்டால்தான் விடை தெளிவாகும்.

புரோ ஃபுட்பால் ஃபோக்கஸ் போன்ற நிறுவனங்கள் ஒவ்வொரு வீரருக்கும் ஒவ்வொரு ப்ளேக்கும் மதிப்பெண் போடுகின்றன. ரசிகர்களின் விவாதங்களில் அவை வேதவாக்காகவே எடுத்தாளப்படுகின்றன. அவற்றை நானும் பார்க்கிறேன், மதிக்கிறேன். ஆயினும் வெளியிலிருந்து மதிப்பெண் போடுபவருக்கு அந்த ப்ளேயில் அந்த வீரருக்குச் சொல்லப்பட்ட வேலை என்ன என்பது உறுதியாகத் தெரியாது. விடுபட்ட லைன்பேக்கர் கார்டின் பொறுப்பா சென்டரின் பொறுப்பா என்பது பயிற்சியாளர் அறையில் இருப்பவர்களுக்கே வெளிச்சம். ஒரு பருவம் முழுவதுமான மதிப்பெண்ணை நம்பலாம். ஓர் ஆட்டத்தின் மதிப்பெண்ணைக் கொண்டு ஒரு பத்தொன்பது வயது இளைஞரைக் கழித்துக்கட்டுவது நியாயமில்லை.

எதிராளி யார் என்பதையும் எந்த எண்ணும் தானாகச் சொல்லாது. 2024 நவம்பர் 30 அன்று கொலம்பஸில் மிச்சிகனிடம் 13–10 என்று தோற்றபோது ஒஹையோ ஸ்டேட் ஓடியது வெறும் 77 யார்டு. எதிரே நடுவில் நின்றவர்கள் மேசன் கிரஹாம், கென்னத் கிரான்ட். அடுத்த ஏப்ரலில் என்.எஃப்.எல். அணிகள் வீரர்களைத் தேர்ந்தெடுத்தபோது கிரஹாம் 5ஆம் ஆளாகவும் கிரான்ட் 13ஆம் ஆளாகவும் எடுக்கப்பட்டார்கள். அதே சமயம் ஒஹையோ ஸ்டேட் தன் சென்டரையும் அதற்குள் காயத்தில் இழந்திருந்தது. அப்படிப்பட்ட இருவர் நிற்கும் நடுப்பகுதியிலேயே திரும்பத் திரும்ப ஓட முயன்றது லைனின் தோல்வியா, ப்ளேக்களைத் தேர்ந்தெடுத்தவர்களின் தோல்வியா? என் கணிப்பில் இரண்டாவதுதான் பெரிது. லைனுக்கு எந்தக் கேள்வி தரப்பட்டது என்று பார்க்காமல் விடைத்தாளை மட்டும் திருத்த முடியாது.

இதற்கு மறுபக்க உதாரணம் ஆர்மி அணி. கல்லூரி அளவில் ஆண்டின் சிறந்த ஆஃபென்சிவ் லைனுக்கு 2015 முதல் ஜோ மூர் விருது வழங்கப்படுகிறது. பிட்ஸ்பர்க், நோட்டர் டேம் பல்கலைக்கழகங்களில் லைன் பயிற்சியாளராக இருந்தவரின் பெயரிலுள்ள இவ்விருது தனி ஒருவருக்கு அல்லாமல் லைன் முழுமைக்கும் தரப்படுவது பொருத்தமானது. அலபாமா, எல்.எஸ்.யூ., தொடர்ந்து இரு ஆண்டுகள் மிச்சிகன் என்று பெரிய அணிகள் வென்ற அந்த விருதை 2024இல் வென்றது வெஸ்ட் பாயின்ட் ராணுவக் கல்வி நிலையத்தின் ஆர்மி அணி. ராணுவ அதிகாரிகளாகப் போகிற மாணவர்கள் என்பதால் அவர்களுடைய லைன்மென் மற்ற அணிகளைவிடப் பொதுவாக இலகுவானவர்கள். அவர்கள் பாஸ் வீசுவது மிகக் குறைவு. ஓட்டமே அவர்களுடைய ஆட்டம். அந்த ஆண்டு நாட்டிலேயே அதிக யார்டு ஓடிய அணி அதுதான். அவர்களை ஓர் ஆட்டத்தில் 40 முறை பாஸ் வீசும் அணியின் லைனோடு எடையாலோ பாஸ் புரொடெக்‌ஷனாலோ ஒப்பிடுவதில் பொருளில்லை.

காலமும் பழக்கமும்

ரிசீவர் ஒருவர் பதினெட்டு வயதில் வந்து முதல் ஆட்டத்திலேயே மின்னலாம். லைன்மேனுக்கு அது அபூர்வம். உடல் வளர, கால் பழக, எதிரணியின் தந்திரங்களைப் படிக்கக் கற்க இரண்டு மூன்று ஆண்டுகள் பிடிக்கும். எனவே பருவத் தொடக்கத்தில் ஓர் அணியின் லைனைப் பற்றி அறிய விரும்புபவர் முதலில் பார்க்க வேண்டியது, ஐவரும் இதுவரை எத்தனை ஆட்டங்களைத் தொடங்கியிருக்கிறார்கள், அவற்றில் எத்தனையை ஒன்றாகத் தொடங்கியிருக்கிறார்கள் என்பதைத்தான். பள்ளி நாட்களில் அவர்களுடைய திறமைக்கு மதிப்பெண்ணாகப் போடப்பட்ட நட்சத்திரங்கள் அதற்குப் பிறகு வரட்டும்.

ஒரு மனிதரை ஓர் ஆட்டத்தால் மதிப்பிடுவதில் உள்ள அநீதிக்கு சேத் மெக்லாலினை நினைத்துக்கொள்வேன். 2024 ஜனவரி 1 அன்று ரோஸ் பவுல் ஆட்டத்தில் மிச்சிகனிடம் அலபாமா கூடுதல் நேரத்தில் 27–20 என்று தோற்றபோது அலபாமாவின் சென்டர் அவர். அன்று அவருடைய ஸ்நாப்கள் பல தாழ்வாக வந்தன. தோல்வியை முடிவு செய்த கடைசி ப்ளேயின் ஸ்நாபும் தாழ்வானதே. ரசிகர்களின் சினம் முழுவதும் அவர் தலையில் இறங்கியது. அவர் ஒஹையோ ஸ்டேட்டுக்கு மாறினார். அங்கே நவம்பரில் குதிகால் நாண் அறுந்து பருவம் பாதியில் முடிந்தபோதிலும், நாட்டின் சிறந்த சென்டருக்கான ரிமிங்டன் விருது அவருக்கே கிடைத்தது. ஸ்நாப் தாழ்வாக வந்தது உண்மை. அவர் நாட்டிலேயே சிறந்த சென்டர்களில் ஒருவர் என்பதும் உண்மை. முதல் உண்மையை மட்டும் பார்த்தவர்கள் அவரை வழியனுப்பி வைத்தார்கள்.

அரங்கில் நேரில் பார்ப்பவர்களுக்கு இன்னொரு குறிப்பு. எதிரணியின் ஊரில் ஆடும்போது கூச்சலில் குவார்ட்டர்பேக்கின் குரல் யாருக்கும் கேட்காது. அப்போது கார்டு ஒருவர் குனிந்த நிலையிலேயே கழுத்தைத் திருப்பிக் குவார்ட்டர்பேக்கைப் பார்ப்பார். அவர் சைகை காட்டியதும் கார்டு சென்டரின் உடம்பில் கையால் தட்டுவார். சென்டர் ஒரு கணம் பொறுத்து ஸ்நாப் செய்வார். தட்டுதலுக்கும் ஸ்நாபுக்கும் இடையிலுள்ள அந்தக் கணத்தை ஐவரும் ஒரே அளவில் மனத்துக்குள் எண்ண வேண்டும். ஓரத்தில் நிற்கும் டேக்கிள் சென்டரின் திசையிலும் பார்க்க வேண்டும், தன்னை நோக்கிப் பாயக் காத்திருப்பவரையும் பார்க்க வேண்டும். வெளியூர் ஆட்டத்தில் ஃபால்ஸ் ஸ்டார்ட் ஒன்றுகூட இல்லாமல் ஒரு லைன் முடித்தால், மற்ற எண்கள் எப்படியிருந்தாலும் அவர்கள் நன்றாகப் பயிற்சி பெற்றவர்கள் என்று துணிந்து சொல்லலாம். வீரர்கள் நிற்கும் நிலையிலும் செய்தி உண்டு. தரையில் ஊன்றிய விரல்கள் வெளுக்கும் அளவுக்கு எடை முன்னே சாய்ந்திருந்தால் ஓட்டம் வரப்போகிறது என்று ஊகிக்கலாம். எடை குதிகாலுக்குப் போயிருந்தால் பாஸ். நீங்கள் ஊகிக்க முடிந்தால் எதிரணியும் ஊகிக்கும் என்பதால், நல்ல லைன் இரண்டுக்கும் ஒரே மாதிரி நிற்கப் பழகியிருக்கும்.

மிச்சிகனிடம் தோற்ற பிறகு ஒஹையோ ஸ்டேட், தேசியப் பட்டத்துக்கான பிளேஆஃபில் டென்னசியை 42–17 என்றும், ஆரிகனை 41–21 என்றும், டெக்சஸை 28–14 என்றும் வென்று இறுதிக்குப் போனது. இடது டேக்கிளும் சென்டரும் இல்லாமல், இடம்மாற்றி ஒட்டவைத்த லைனை வைத்துக்கொண்டுதான் இவ்வளவும். வேலையின் பளுவும் மாறியது: வேகமாகப் பந்து கையைவிட்டுப் போகும் பாஸ்கள் முதலில், எதிரணி அகன்று நிற்கத் தொடங்கிய பிறகு ஓட்டங்கள். சிம்மன்ஸும் ஜாக்சனும் அந்த ஏப்ரலில் முதல் சுற்றிலேயே என்.எஃப்.எல். அணிகளால் எடுக்கப்பட்டார்கள். அக்டோபர் இறுதியில் கைவிடப்பட்ட லைனில் அப்படிப்பட்ட ஒருவர் தவறான இடத்தில் நின்றுகொண்டிருந்தார் என்பது எத்தனை பேருக்குத் தெரிந்திருந்தது?

பயிற்சி செய்து பார்க்க விரும்புபவர்களுக்கு அட்லாண்டா இறுதி ஆட்டத்தின் நான்காம் கால்பகுதியைப் பரிந்துரைக்கிறேன். நோட்டர் டேம் விரட்டிப் பிடித்து 31–23 வரை வந்துவிட்டது. ஒஹையோ ஸ்டேட்டுக்கு மூன்றாம் டவுன், தேவை 11 யார்டு. குவார்ட்டர்பேக் வில் ஹோவர்ட் வீசிய பந்தை ரிசீவர் ஜெரமையா ஸ்மித் பிடித்து 56 யார்டு கொண்டுபோனார். ஆட்டம் அங்கே முடிந்தது. எல்லோரும் அந்தப் பந்தின் பறப்பைத்தான் நினைவில் வைத்திருக்கிறார்கள். நீங்கள் அந்தக் காட்சியை ஐந்து முறை ஓட்டுங்கள். முதல் முறை சென்டரின் விரலையும் அதன் பிறகு அவருடைய கைகளையும் மட்டும் பாருங்கள். அடுத்த முறைகளில் கார்டுகள் யாரை யாரிடம் ஒப்படைக்கிறார்கள் என்று பாருங்கள், பிறகு வலது டேக்கிள். ஐந்தாம் முறை இடது ஓரத்தில் 74ஆம் எண்ணில் நிற்கும் ஜாக்சனின் கால்களைப் பாருங்கள். ஹோவர்டின் கையைவிட்டுப் பந்து கிளம்பும் கணத்தில் படத்தை நிறுத்தி, அவரைச் சுற்றி எவ்வளவு இடம் இருக்கிறது என்று அளந்துகொள்ளுங்கள்.